குறை சொல்ல முடியாத கார்

பானெட் சில்லென்று இருந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் முழுதாகப் பதித்து, மனசுக்குள் பத்து எண்ணி எடுத்தாள். நல்லது. விற்கிறவர்கள் செய்கிற முதல் திருட்டுத்தனமே ஆள் வருவதற்கு அரைமணி முன்னால் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பதுதான். குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போதுதான் உள்ளே இருக்கிற நோயெல்லாம் இருமிக் காட்டும். அதற்காகவே ஐந்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு நாலுக்கே வந்து நிற்பது அவள் பழக்கம். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு என்று சொல்ல வெயிலே இல்லை. மூன்று நாளாக வானம் அழுக்குப் போர்வை போலத் தொங்கிக்கொண்டிருந்தது, கார் நின்றதோ ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகையில். கூட்டமான பஸ்ஸில் ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன இடத்தில் நாம் உட்காரும்போது தொடையில் படுமே, ஓர் இளஞ்சூடு, யாரோ ஒருவருடைய உடம்பை இரவல் வாங்கியதுபோல, அது. முதுகிலும் இருந்தது. தோள் உயரம் வரைக்கும்.

"என்னம்மா, ஸ்பிரிங் குத்துதா?" என்றார் அவள் கணவர், கொட்டகை வாசலில் இருந்து. கணக்கு வாத்தியார். அடுத்த வருஷம் ஓய்வு. இந்தக் கார் மாடலின் குதிரைசக்தி, எடை, பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை விநாடி என்பதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். ஓட்டுவதோ மாட்டுவண்டி வேகம். ஓட்டிப் பழக எடுத்த இரவல் காரில் சந்தைக்குப் போய் வருவதற்குள் மூன்று தடவை வண்டியை அணைத்துவிடுவார்.

"ஒண்ணுமில்ல வாத்தியாரே. உங்க குதிரை வென்னீர்ல குளிச்சுட்டு நிக்குது."

கேட்டுக்குப் பக்கத்தில், கொட்டகையிலிருந்து நன்றாகப் பத்தடி தள்ளி, காரை விற்கிறவர் நின்றிருந்தார். ஸ்வெட்டர் போட்ட ஒல்லி மனிதர். வந்ததிலிருந்து அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சாவியைக்கூடத் தூக்கித்தான் போட்டார்.

"இப்ப யாராவது இதுல உக்காந்திருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"நான் அதுல ஏறி நாலு மாசமாச்சு."

"வீட்ல வேற யாராவது?"

"நான் மட்டுந்தான்."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். வேண்டுமென்றே, முதுகை நன்றாகச் சாய்த்து. சூடுதானே, கடிக்கவா செய்யும்? பெண்பிள்ளைக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்த தரகர்களை இருபத்தாறு வருஷமாகப் பார்த்தவள் அவள். பழைய கார் வாங்குகிறவர்கள் அவளைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போவார்கள். ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டுப் பார்த்து, வாங்கலாம், வேண்டாம் என்று சொல்வது அவள் தொழில். பழைய கார்ச் சந்தையில் அவளுக்கு 'ஸ்டெத்து' என்று பட்டப்பெயர். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதை இவள் காரில் வைத்துக் கேட்கிறாளாம். இந்த இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு காரையும் காரணமில்லாமல் தள்ளியதில்லை. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று குறையின்மேல் விரலை வைத்துக் காட்டுவாள். விரல் வைக்க முடியாத குறையைச் சொல்கிறவள் ஜோசியக்காரி, மெக்கானிக் இல்லை என்பது அவள் கட்சி.

இன்று முதல்முறையாக வீட்டுக்காகவே ஒரு காரைப் பார்க்க வந்திருக்கிறாள். வாத்தியார் முப்பது வருஷமாக ஸ்கூட்டரில் போனவர். தனக்கென்று கேட்ட ஒரே பொருள் இது.

சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒரே மூச்சில் எழுந்தது. இருமல் இல்லை, புகை இல்லை, செயின் கிலுகிலுக்கவில்லை.

"பின்னால உக்காருங்க. ஓட்டிப் பாத்துட்டு வந்துடலாம்" என்று விற்கிறவரைக் கூப்பிட்டாள். எப்போதும் அவர்கள் கூடவே வருவார்கள். சத்தம் கேட்கும் இடத்திலெல்லாம் தொணதொணவென்று பேசி மறைப்பார்கள்.

"நீங்களே போய்ட்டு வாங்க."

"நாங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாது. எடுத்துக்கிட்டு ஓடிட்டா?"

"ஓடினா ஓடுங்க." அவர் சிரிக்கவில்லை. வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார், தையல்காரர் அளவெடுப்பதுபோல. "சாருக்கா வாங்கறீங்க? அப்ப சார் ஓட்டிப் பாக்கணுமே."

"அவர் கடைசியில ஓட்டுவார்."

"ஆமா. ஓட்டட்டும்" என்றார் அவர். கேட்டை அகலத் திறந்துவிட்டு, கார் வெளியே வருவதற்குள் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். தாழ் விழுந்த சத்தம் அவள் காதில் விழுந்தது.

வாத்தியார் இடப்பக்கம் உட்கார்ந்து, பெல்ட்டை இரண்டு தடவை சரிபார்த்து, முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டார், வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன் மாதிரி. "எப்படி?" என்றார்.

"பொறுங்க. இன்னும் தெருவே தாண்டல."

தெருவைத் தாண்டினாள். வேகத்தடையைக் கோணலாக ஏறி இறங்கினாள். ஒரு சக்கரம் ஏற, மறுசக்கரம் தொங்க, உடம்பு முறுக்கிக்கொள்ளும்போது எந்தப் பழைய காரும் ஒரு முனகலாவது முனகும். எட்டு வருஷத்துக் கார். ரப்பர் தேய்ந்திருக்கும், எங்கோ ஒரு பிளாஸ்டிக் கிறீச்சிடும், ஒரு சின்ன கிளிப் 'டிக்' என்னும். ஒன்றுமில்லை. மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் போட்டாள். ஒன்றுமில்லை. மனிதருக்கு வயசானால் முட்டி சொடக்குப் போடும், காருக்கும் அப்படித்தான். வயசை மறைக்கிற காரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், வயசே ஆகாத காரைப் பார்த்ததில்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்குமே, அப்படி ஓர் அமைதி.

ஊருக்கு வெளியே நேர்ச்சாலை வந்தது. ஈரக் காற்று. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெற்று நிலம். எதிரே ஒரு லாரிகூட இல்லை.

"இப்ப கையை எடுக்கப் போறேன். கத்தாதீங்க."

"நான் ஏன் கத்தறேன்? சாலை நடுவுல மேடு, ஓரத்துல பள்ளம். அதனால கார் மெல்ல இடது பக்கம் போகணும். சரியா?"

"நூத்துக்கு நூறு."

அறுபதில் வைத்து, ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். கார் நேராகப் போனது. பிறகு, போகவேண்டியபடியே, நூல் பிடித்தாற்போல இடது பக்கம் சாயத் தொடங்கியது. அவள் மனசு லேசானது. நல்ல கார், நியாயமான கார்.

ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்பியது.

வெட்டி இழுக்கவில்லை. ஒரு விரற்கடை, அவ்வளவுதான். தூங்கும் குழந்தையின் தலையைத் தலையணையில் நேராக வைப்பதுபோல, மெத்தென்று. காரை நடுவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஸ்டீயரிங் நின்றது.

"பிரமாதம்! கோடு போட்ட மாதிரி போகுது" என்றார் வாத்தியார்.

அவள் கையை மறுபடி வைத்தபோது ஸ்டீயரிங்கின் தோல் உறை வலப்பக்கமும் இடப்பக்கமும் கதகதப்பாக இருந்தது. அவள் பிடித்திருந்த இடத்துக்குச் சற்று மேலே. அவளைவிட நீளமான கைக்காரர் பிடிக்கிற இடம்.

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் திருத்தினாள். தன் உயரத்துக்கு ஏற்றபடி கீழே இறக்கினாள். கால் மைல் போனதும் பார்த்தாள். அது மேலே ஏறி, காரின் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. மறுபடி இறக்கினாள். மறுபடி ஏறியது. மூன்றாவது தடவை இறக்கி, கையாலேயே பிடித்துக்கொண்டாள். கண்ணாடி அவள் விரல்களுக்குள் மெல்ல முட்டியது, திருப்ப விடச் சொல்லி.

"விட மாட்டேன்" என்றாள் வாய்க்குள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பிரேக் பாக்கப் போறேன். கெட்டியா உக்காருங்க."

பயம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும்; இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எண்பதைத் தொட்டு, காலைத் தூக்கி, பிரேக்மேல் ஓங்கி வைத்தாள். பெடல் அங்கே இல்லை. அது ஏற்கெனவே கீழே போயிருந்தது. அவள் பாதம் போய்ச் சேர்வதற்கு ஓர் இமைப்பொழுது முன்னாலேயே, அவள் மிதிக்க நினைத்த அதே அழுத்தத்தில், வேறு பாதம் ஒன்று மிதித்துவிட்டது. கார் கோணாமல், நடுங்காமல், அழகாக நின்றது. பாடப்புத்தகத்தில் போட வேண்டிய பிரேக்.

"ஸ்டெத்து," என்றார் வாத்தியார், "இப்படி ஒரு காரை நீ எப்பவாவது ஓட்டியிருக்கியா?"

"இல்ல" என்றாள். பொய் இல்லை.

சாலையின் கோடியில் மூடிப்போன ஆலை ஒன்றின் நீண்ட மதில் இருந்தது. அவளுடைய கடைசிச் சோதனை எப்போதும் ஒரு சுவர்தான். காருக்குள் உட்கார்ந்து கேட்டால் கார் சொல்ல விரும்புகிறதைத்தான் கேட்கலாம். ஜன்னலை இறக்கிவிட்டுச் சுவரை ஒட்டிப் போனால், சக்கரத்தின் பேரிங் உராய்வதிலிருந்து சைலன்சரில் ஊசிமுனை ஓட்டை வரைக்கும் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். சுவருக்குத் தாட்சண்யம் கிடையாது.

இடப்பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். குளிர் உள்ளே வந்தது, ஈரச் செங்கல்லும் பாசியும் மணக்க. முப்பதில் மெல்லப் போனாள். டயரின் சளசளப்பு சுவரில் பட்டுத் திரும்பியது. என்ஜினின் ரீங்காரம் திரும்பியது. சுத்தமான சத்தம். அதற்கு அடியில் இன்னொன்றும் திரும்பியது. முதலில் பெல்ட் தேய்கிறதோ என்று காதைச் சாய்த்தாள். இல்லை. அது ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒன்றுக்கு மேலே ஒன்றாக, ஒன்றோடொன்று சேராமல். ஒரு நீண்ட மூச்சு. ஒரு குட்டை மூச்சு. சளி பிடித்த ஒரு மூச்சு. அழுதுவிட்டு அடங்குகிற விம்மலோடு ஒரு சின்ன மூச்சு.

காருக்குள் அப்படி ஒரு சத்தமும் இல்லை. சுவரில் மட்டும் இருந்தது.

"நல்ல சத்தம்" என்றார் வாத்தியார், வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு.

மதில் முடிந்ததும் காரைத் திருப்பினாள். இன்னொரு தடவை. சந்தேகம் வந்தால் இரண்டு தடவை கேட்பது தொழில் தர்மம். இந்தமுறை வலப்பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, ஆளில்லாத சாலையின் தப்பான ஓரத்தில், கையை நீட்டினால் செங்கல்லைத் தொடுகிற அளவுக்கு ஒட்டிப் போனாள். மூச்சுகள் வந்தன. மிக நெருக்கமாக ஒன்று, அவள் பின்கழுத்துக்கு நேரே, நிதானமாக.

சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "யாரு?"

எல்லா மூச்சும் ஒரேயடியாக நின்றது.

டயர் சத்தம் மட்டும் சுவரோடு ஓடிவந்தது. மதில் முடியும் வரைக்கும் அவை மூச்சு விடவில்லை.

காரை ஓரங்கட்டினாள். என்ஜினை நிறுத்தி, கீழே இறங்கி, வாத்தியாரையும் இறங்கச் சொன்னாள். குளிரில் இரண்டு பேர் வாயிலும் மூச்சு புகையாக வந்தது.

"இந்தக் கார் வேண்டாம்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"கிளட்ச் போச்சா?"

"இல்ல."

"அடிபட்ட காரா? சஸ்பென்ஷனா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"சுவத்துல யாரோ மூச்சு விடறாங்க." சொன்னதும் அவளுக்கே அது எவ்வளவு அபத்தமாகக் கேட்டது என்று தெரிந்தது.

வாத்தியார் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு போய்விட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மெல்லச் சொன்னார்: "இத பாரும்மா. உனக்கு நான் கார் வாங்கறது பிடிக்கலேன்னா நேரா சொல்லிடு. ஐம்பத்தொன்பது வயசுல கிழவனுக்கு என்ன ஆசைன்னு மருமக சிரிப்பா, நானே சேந்து சிரிப்பேன். ஆனா ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நீ விரல் வெச்சுக் காட்டற. எனக்கு மட்டும் நிரூபணம் கிடையாதா?"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும். காரை அங்கேயே போட்டுவிட்டு, சாவியை வயலில் எறிந்துவிட்டு, அவர் கையைப் பிடித்து நடந்திருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இருபத்தாறு வருஷத்துப் பிடிவாதம் குறுக்கே வந்து நின்றது. தேர்ந்த கைக்குக் காரின் குறை மறைந்துவிடும். கை தன்னையறியாமல் சரிக்கட்டிக்கொள்ளும். அரைகுறையாக ஓட்டுகிறவன் கையில்தான் கார் தன் புத்தியைக் காட்டும். எத்தனை கார்களை அவள் இப்படிப் பிடித்திருக்கிறாள்! தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டத் தெரியாதவரை ஓட்டவிட்டு.

"ஓட்டுங்க" என்றாள். "ரெண்டு கிலோமீட்டர். என் கை ஹேண்ட்பிரேக்குல இருக்கும். நிறுத்துன்னா நிறுத்தணும்."

"உத்தரவு டீச்சர்" என்றார் வாத்தியார். சிறு பிள்ளைபோல ஓடிப்போய் ஏறினார்.

அவள் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல கியர் கம்பியைக் குனிந்து பார்த்தார். கிளட்சை மிதித்தார். அதற்குமேல் வழக்கம்போல எதுவும் நடக்கவில்லை. கார் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கிளம்பியது. ஒன்று. இரண்டு. மூன்று. கியர் மாறியதே தெரியவில்லை.

"பாத்தியா? பாத்தியா?" என்றார். முகம் பளபளத்தது. "இத்தனை நாள் தப்பு என் மேல இல்லம்மா. அந்த இரவல் ஓட்டைக் கார் மேலதான்."

ஏரிக்கரை வளைவுகள் வந்தன. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் ஈயத்தகடு மாதிரி கிடந்தது. முதல் வளைவில் அவர் பிரேக்கை நுனிக்காலால் மிதித்து, அதே காலின் குதிகாலால் ஆக்ஸிலேட்டரைத் தட்டி, கியரை இறக்கினார். பந்தயக்காரர்கள் செய்கிற வித்தை. அவளே அதைப் பழக ஆறு மாசம் ஆயிற்று. வாத்தியார் காலில் தேய்ந்த தோல் செருப்பு.

"அதை எங்க கத்துக்கிட்டீங்க?"

கியர் கம்பி அவர் கைக்குள் மறுபடி வழுக்கி ஏறியது.

"வாத்தியாரே. போதும். நிறுத்துங்க."

இரண்டாவது வளைவு. வேகம் குறையவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, கழற்ற மறந்த சட்டை மாதிரி. அதற்கு மேலே கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின.

"நான் ஓட்டலம்மா" என்றார்.

நூறு. நூற்றுப்பத்து.

ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கூடாது. இந்த வேகத்தில் இழுத்தால் ஏரிதான். அவள் மூளை தனியாக, நிதானமாகச் சொன்னது. கியரை நியூட்ரல். சாவியை ஒரே ஒரு படி பின்னால். ஒன்றே ஒன்று. அதற்குமேல் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கியர் கம்பியைப் பிடித்தாள். அவர் கை அதன்மேல் இருந்தது. அவர் கைக்குமேல் இன்னொன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. சூடாக. எலும்பும் நகமுமாக. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

"எடுடா கையை!"

பின் இருக்கையில் யாரோ விம்மினார்கள். இப்போது சுவர் தேவைப்படவில்லை.

"எடுன்னேன்! எத்தனை பேரைப் பாத்திருக்கேன். நீ யாருடா எனக்கு? இது என் புருஷன். இறங்கு!"

கடித்தாள். வெறும் காற்றைக் கடித்தாள். பல்லில் தோல் பட்டது. உப்புக் கரித்தது. பிடி தளர்ந்தது. கம்பியை உள்ளங்கையால் அடித்தாள். நியூட்ரல். என்ஜின் வீறிட்டது. அவர்மேல் குறுக்கே விழுந்து சாவியை ஒரு படி திருப்பினாள். வீறல் நின்றது. காற்று மட்டும். டயர் மட்டும். ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள். ஹேண்ட்பிரேக், கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சரளை. புல். நின்றது.

சுற்றி ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பெல்ட்டை அவிழ்த்து, காலரைப் பிடித்து இழுத்துச் சாலையில் நிறுத்தினாள். அவர் நின்றார்.

"ஜெயிச்சுட்டேன்" என்றாள் காரைப் பார்த்து. மூச்சிரைத்தது. "கேட்டுதா? ஜெயிச்சுட்டேன். உன்னை எரிச்சுச் சாம்பலாக்கலேன்னா நான் மெக்கானிக் இல்ல."

ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் வாயிலிருந்து வெள்ளைப் புகை கொத்தாக வந்தது.

"நல்ல கார்" என்றார் வாத்தியார். "வாங்கிடலாம்."

அவருடைய குரல்தான். அவருடைய வாய்தான், திறந்து மூடியது. அவர் வாயிலிருந்து புகை வரவில்லை.

அவள் உள்ளங்கையை அவர் மூக்கருகே வைத்தாள். குளிர். வாயருகே. குளிர். அவர் அவளைப் பார்க்கவில்லை. காரின் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் திரும்பிப் பார்த்தாள்.

பின் ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கம், சின்னதாக ஒரு ஆவி படர்ந்தது. சுருங்கியது. பக்கத்தில் ஒன்று. அதற்குக் கீழே, சின்ன ஆள் வாய் உயரத்தில், ஒன்று. பிறகு புதிதாக ஒன்று, இந்தப் பக்கத்து ஓரத்தில். உள்ளே இழுத்து, ஒரு கணம் தங்கி, இரண்டு துண்டாக வெளியே. முப்பத்தொரு வருஷம் அந்த மூச்சின் பக்கத்தில் தூங்கியவள் அவள். எந்த இருட்டிலும் தெரியும்.

பின் கதவு பூட்டியிருந்தது. சாலையோரத்தில் கல்லைத் தேடி எடுத்தாள். ஒரு அடி. இரண்டு. மூன்றாவதில் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. ஆவி போகவில்லை. கண்ணாடி இருந்த இடத்தில், அந்தரத்தில், படர்ந்தது, சுருங்கியது.

கையை உள்ளே விட்டாள். தோள்வரைக்கும்.

பிடித்தது. சாக்பீஸ் பிடித்துக் காய்த்த நடுவிரல். சுண்டுவிரல் மோதிரம். அவர் கை.

"இருக்கேன்" என்றாள். "வாங்க. வெளிய வாங்க." காலைக் கதவில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம்.

"விடும்மா" என்றது அவளுக்குப் பின்னால் அந்தக் குரல்.

"போடா."

அது அவளைத் தொடவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தது. வாத்தியாரின் செருப்பு சரளையில் நறநறத்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தது. கதவைச் சாத்தியது. பெல்ட் 'க்ளிக்' என்றது. என்ஜின் ஒரே மூச்சில் எழுந்தது.

அவள் இழுத்தாள்.

உள்ளே இன்னொரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. சளி மூச்சு. பிறகு முழங்கையில் ஒன்று, நகம் நீளமானது. பிறகு அதற்கு மேலே ஒன்று, மிகச் சின்னது, ஐந்து விரலும் சேர்ந்தே அவள் கையைச் சுற்றி வராதது. வெளியே வரத் துடிக்கின்றனவா, உள்ளே இழுக்கின்றனவா, தெரியவில்லை. எல்லாம் பற்றிக்கொண்டன. எல்லாம் சூடாக இருந்தன.

கார் நகர்ந்தது.

அவள் நடந்தாள். பிறகு ஓடினாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க வாத்தியாரே" என்றாள்.

இரண்டாவது கியர் விழுந்தது. அவள் விடவில்லை.